நரிமேட்டில் அடித்த கை

கனாசே ஊரில் மேட்டுத்தெருவுக்கென்று ஒரே ஒரு முடிவெட்டும் கடைதான். நடத்துகிறவர் இசாகு, ஐம்பத்தெட்டு வயது. சவரக்கத்தி பிடித்தால் அவர் கை ஆடாது. கத்தி கையில் இருக்கும் வரை வாயும் ஓயாது. அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முடிக்காகவும் மீதிப்பேர் நரிமேட்டுக் கதைக்காகவும் வருகிறார்கள் என்று தெருவில் சொல்வார்கள்.

டோஃபு கடை கொஹெய் மாதம் ஒருமுறை, முதல் செவ்வாய்க்கிழமை, காலை வியாபாரத்தை முடித்த கையோடு வருவார். நாற்காலியைப் பின்னால் சாய்த்து முகத்தில் சுடுதுண்டைப் போட்டதும் விரல்களை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு அசையாமல் கிடப்பார். இருட்டோடு எழுந்து டோஃபுவுக்குச் சோயா அரைக்கிற மனிதர், அசந்துவிட்டார் என்று காத்திருப்பவர்கள் நினைப்பார்கள். அவர் தூங்குவதில்லை என்பது இசாகுவுக்குத் தெரியும். கோத்த கைகளின் கட்டைவிரல்கள் இரண்டும், கதை நடக்க நடக்க, ஒன்றையொன்று மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் செப்டம்பர் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தச்சர் மொசுகே, கூட வந்தவரைக் காட்டி ஆரம்பித்தார்.

"அண்ணே, இவரு என் மச்சினன். கடலோரத்து ஆளு. நம்ம திருவிழாவைக் கண்ணால பார்த்ததில்ல. அந்த நரிமேட்டுக் கதையை ஒரு தடவை எடுத்து விடுங்க."

"ஆயிரம் தடவை சொல்லியாச்சேப்பா."

"ஆயிரத்து ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்."

இசாகு சோப்பைக் குழைத்தபடியே தொடங்கினார். "எங்க தேரு பத்து டன்னுங்க. பிரேக்குன்னு ஒண்ணு கிடையாது. ரெண்டு வடத்துல இருநூறு பேரு. நரிமேட்டு ஏத்தத்துல அத்தனை பேரும் காலை ஊனுறது முரசைக் கேட்டுத்தான். முரசு தடுமாறினா வடம் தொய்யும். வடம் தொய்ஞ்சா தேரு பின்னால இறங்கும். ஆனா அடிக்கிற எங்களை யாரும் பார்க்க முடியாது. தேரோட வயித்துக்குள்ள, நாலு பக்கமும் திரை. ஜனத்துக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு ஜனத்தைத் தெரியாது. சத்தம் மட்டுந்தான்."

"அந்த வருஷம் மழை, அதைச் சொல்லுங்க," என்று மொசுகே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா, முதல் நாள் பூரா மழை. ஏத்தத்துல பாதி வழி சேறு. தேரு நின்னுபோச்சு. முட்டுக்கட்டை போடு, முட்டுக்கட்டை போடுன்னு வெளிய கத்துறாங்க. அப்போ..." இசாகு கத்தியை உயர்த்திப் பிடித்து ஒரு கணம் நிறுத்தினார். "அப்போ கை என் கையா இல்லைங்க. யாரோ உள்ள பூந்து அடிச்ச மாதிரி. எங்க தெருவில அதுவரைக்கும் யாரும் அடிக்காத அடி ஒண்ணு வந்துச்சு. தேரு ஒரே மூச்சுல மேல ஏறிடுச்சு."

மச்சினன் முழங்கையைத் தடவிக் காட்டினார். "சிலிர்த்துப் போச்சுங்க."

இசாகு கொஹெய்யின் முகத்துத் துண்டை எடுத்தார். கண்கள் திறந்துதான் இருந்தன, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"துண்டு ஆறிப்போச்சுண்ணே," என்றார் கொஹெய்.

'யாரோ உள்ள பூந்து அடிச்ச மாதிரி' என்பது இசாகு யோசித்துச் சேர்த்த வரி. சொன்ன கதையில் அந்த ஒரு வரியாவது முழுப் பொய்யாக இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் சேர்த்தார். கேட்டவர்கள் அதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் பாராட்டினார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பர். இசாகு முதல்முறையாகப் பெருமுரசுக்கு உட்காரப் போகிறார். தெருத் தலைவர் தாய்ஸோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அன்னைக்கு ஒருநாள் கத்தியைத் தொடாதே. அந்தக் கை முரசுக்கு." இசாகுவும் கடைக்கதவைத் திறக்காமல்தான் இருந்தார். விடிந்ததும் பின்வாசலில் ஒருவர் வந்து நின்றார். "இன்னைக்கு முரசடிக்கப் போற கையால ஒரு சவரம். திருவிழாவும் அதுவுமா முடியாதுன்னு சொல்லாதப்பா." அவரை உட்கார வைத்ததைப் பார்த்து இன்னொருவர் வந்தார். முடியாது என்று சொல்ல இசாகுவுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள், அந்தப் பெருமைதான் காரணம். மதியத்துக்குள் பத்தொன்பது முகம்.

தேரின் வயிற்றுக்குள் பின்பாதியில் அன்று மூன்றே பேர். பெருமுரசுக்கு இசாகு. சேகண்டிக்கு உஷிமாட்சு என்ற கிழவர். மூன்றாவது ஆள் கொஹெய். சின்ன முரசுகளும் குழலும் பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம், முன்பாதியில். கொஹெய் பிறந்தது ஆற்றுத்தெருவில். மேட்டுத்தெரு டோஃபு வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, அந்த வீட்டுப் பெயரையும் சூடிக்கொண்டவர். ஆனால் பெயர் மாறினாலும் பிறப்பு மாறாது என்பது தெருவின் கட்டுப்பாடு. மேட்டுத்தெருவில் பிறக்காதவன் முரசுக் கோலைத் தொடக்கூடாது. தேர் குலுங்கும்போது முரசின் தாங்கி நகராமல் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்க மட்டும் யாரும் ஆகலாம். அந்த வேலைக்குப் பெயரே 'முதுகு'தான். நாலு திருவிழாவாகக் கொஹெய் முதுகாக இருந்தார்.

ஏற்றத்தில் பாதி வழியில் தேர் சேற்றில் நின்றது. அப்போதுதான், காலையெல்லாம் கத்தி பிடித்த இசாகுவின் வலது கை இழுத்துக்கொண்டது. விரல்கள் தாமாக விரிந்தன. கோல் நழுவி உருண்டு கொஹெய்யின் தொடையில் வந்து நின்றது. ஓர் அடி விட்டுப்போயிற்று. வெளியே வடம் முனகியது. இரண்டாவது அடியும் விட்டுப்போவதற்குள் கொஹெய் அந்தக் கோலை எடுத்து, இசாகுவின் இடது கையிலிருந்த மற்றதையும் பிடுங்கி, முழங்காலிட்டு எழுந்து அடித்தார்.

தாங்கி சரியத் தொடங்கவே இசாகு கீழே விழுந்து தன் முதுகை அதில் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. முதுகால்தான் கேட்டார். ஒவ்வோர் அடியும் தாங்கி வழியாக இறங்கி முதுகெலும்பில் கணு கணுவாக ஏறியது. நல்ல அடி கையிலிருந்து வருவதில்லை, இடுப்பிலிருந்து வருகிறது என்று அவருக்கு எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. அது என்ன என்பது அன்றுதான் விளங்கியது. பலமான அடி ஒவ்வொன்றுக்கும் முன்னால் இடது கையால் லேசாக ஒன்று விழுந்தது. காலை வைப்பதற்கு முன் கல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒன்று. அடுத்ததில் முழுப் பாரம். மேட்டுத்தெருவில் அப்படி யாரும் அடித்ததில்லை. அந்த லேசான அடியில் இருநூறு பேரின் கால்களும் சேற்றுக்குள் பிடிமானம் தேடின. பலத்த அடியில் ஒன்றாக ஊன்றின. தேர் அசைந்தது. பிறகு அது நிற்கவே இல்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் கொஹெய் இரண்டு கோல்களையும் இசாகுவின் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். உஷிமாட்சு தணிந்த குரலில் சொன்னார்: "நான் எதையும் பார்க்கல. ஆத்துத்தெருக்காரன் கோலைத் தொட்டான்னு தெரிஞ்சா தாய்ஸோ முரசுத் தோலைக் கிழிச்சுப் புதைச்சுடுவாரு. உன் மாமனாரு தெருவில தலைகாட்ட முடியாது, கொஹெய்."

"நான் முதுகு. அவ்வளவுதாண்ணே," என்றார் கொஹெய், மூச்சு வாங்க.

திரையை விலக்கி இசாகுவை இழுத்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவருடைய வலது கை விரல்கள் இன்னும் மடங்காமல் விறைத்து நின்றன. "பாருங்கப்பா, அடிச்ச அடியில விரலே மரத்துப்போச்சு!" என்று யாரோ கத்த, அந்த விரல்களின்மேல் சாகே மதுவை ஊற்றினார்கள்.

அன்று வாயை மூடியது கொஹெய்க்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் கடைக்கு வந்தவர்கள் கேட்டபோது, 'ஆமாம்' என்று தலையாட்டியது யாருக்காக? அடுத்த வருஷம் கேட்காமலே சொன்னது? எதிர்மாடியிலிருந்து ஒருவர் அந்த ஏற்றத்து முரசொலியைக் கேசட்டில் பிடித்திருந்தார். இசாகு கடையை மூடிவிட்டு அதைப் போட்டுப் போட்டுத் தொடையில் தட்டிப் பழகினார். அந்த லேசான அடி அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு அதே கேசட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு வந்தது.

உஷிமாட்சு காலமானார். பத்து வருஷத்துக்கு முன்னால், தெருவில் ஆளில்லாமல் போகவே, இங்கே குடியிருக்கிற எவரும் கோலைத் தொடலாம் என்று கூட்டம் போட்டு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். இனி உண்மையைச் சொன்னால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. அந்தக் கூட்டத்தில் கொஹெய் ஒரே ஒருமுறை இசாகுவைத் திரும்பிப் பார்த்தார். இசாகு தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை இப்போது நினைத்தாலும் அவருக்குக் காது மடல் சுடும்.

இந்த வருஷம் பெருமுரசின் தோல் தளர்ந்துவிட்டது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, கோயில் முற்றத்தில், வெளியூரிலிருந்து வந்த முரசுக்காரர்கள் பழைய தோலைக் கழற்றினார்கள். நாற்பத்தோரு வருஷமாக வெளிச்சம் படாத முரசுக் கட்டையின் உட்புறம் திறந்தது. அதில் மையால் எழுதிய பெயர்கள் வரிசையாக இருந்தன. தோல் மாற்றும்போதெல்லாம், இடைப்பட்ட காலத்தில் முரசுக்குப் பெருமை தேடித்தந்த ஒருவரின் பெயரை உள்ளே எழுதி மூடுவது வழக்கம். அடுத்த தோல் மாறும்வரை யாரும் அதைப் பார்க்க முடியாது.

தாய்ஸோவுக்கு எண்பத்து மூன்று வயது. இன்னும் அவர்தான் தலைவர். தூரிகையை இசாகுவிடம் நீட்டினார். "யோசிக்க என்ன இருக்கு? நரிமேடு. உன் கையாலேயே எழுது."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தலைவரே. எல்லாரும் பார்த்தா கை கூசுது."

"மேடையில பேசுறவன் மாதிரி கதை சொல்லுவான். ஒரு பேரு எழுதக் கூச்சமாம்!" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார் தாய்ஸோ.

இசாகு கட்டைக்குள் தலையை விட்டார். பழைய மரமும் மையும் கலந்த வாசனை. 'கொஹெய், நரிமேடு' என்று எழுதினார். காயும்வரை ஊதினார். தலையை வெளியே எடுத்தபோது, இருபத்திரண்டு வருஷப் பாரம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. முரசுக்காரர்கள் புதுத் தோலைப் போர்த்தி, கயிறு முறுக்கி, இரண்டு பேர் மேலே ஏறி நின்று மிதித்து இழுத்துக் கொடுக்க, சுற்றிலும் ஆணி அடித்தார்கள். ஒவ்வோர் ஆணி இறங்கும்போதும் இசாகுவுக்கு நிம்மதி கூடியது. நாற்பது வருஷம் கழித்து யாரோ படிப்பார்கள். அப்போது சிவப்பதற்குத் தனக்கு முகமே இருக்காது.

புதுத்தோலுக்கு விருந்தாளியாக ஆற்றுத்தெருவிலிருந்து தொமொயே வந்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தத் தெரு முரசுக் குழுவை நடத்துகிறவளும் அவள்தான். கொஹெய் பெரிய பானையில் டோஃபுவைக் கொதிக்க வைத்து எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் புதுத்தோலில் ஏற்றத்து அடியை அடித்துக் காட்டினார்கள். நாலாவது சுற்றில் தொமொயே கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துங்க. அந்த இடதுகை அடி, லேசா ஒண்ணு விழுதே, அதை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"முடிவெட்டுற மாமா," என்றது ஒரு குழந்தை.

"அது எங்க அடி. படி தேடுற அடி. எங்க தேரு ஆத்துக் கல்லுமேல இறங்கணும், அதுக்காக உண்டானது. எங்க தெருவில பிள்ளை நடை பழகும்போதே தொடையில தட்டிப் பழக்குவோம். மேட்டுக்கு எப்படி வந்துச்சு?"

தாய்ஸோ சிரித்தார். "ஆத்துத் தண்ணி பூரா மேட்டுலேர்ந்துதாம்மா வருது."

"தண்ணி இறங்கும் பெரியவரே. அடி தானா மேட்டுக்கு ஏறாது. யாரோ சுமந்து வந்திருக்கணும்."

"யாரும் சுமக்கல. அன்னைக்கு நரிமேட்டுல இவனுக்குத் தானா வந்துச்சு. டேய் இசாகு, ஊரெல்லாம் சொல்லுறியே, இவகிட்டயும் சொல்லுடா."

இசாகு வாயைத் திறந்தார். அதற்குள் கொஹெய் அகப்பையை வைத்துவிட்டு, முன்துணியில் கையைத் துடைத்தபடி எழுந்தார்.

"என் தப்புதான். எப்பவோ விளையாட்டா நான் அண்ணனுக்குத் தட்டிக் காட்டினேன்."

தொமொயேயின் முகம் மாறியது. "நீங்களா? கட்டிக்கொடுத்த இடத்துக்காகப் பேரை விட்டுக்கொடுத்தீங்க, சரி. பொறந்த தெருவோட அடியையுமா கொடுப்பீங்க? உங்க அப்பா இருந்தா உங்களை ஆத்துலயே முக்கியிருப்பாரு."

கொஹெய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முற்றத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தான் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும், இதுவும் கடந்துவிடும் என்பது இசாகுவுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததும் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவன் எனக்கு எதையும் காட்டிக் கொடுக்கல," என்றார். குரல் தன்னுடையதாகவே இல்லை. "நரிமேட்டுல அடிச்சது நான் இல்ல. கொஹெய்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சவரம், கை இழுத்தது, உருண்ட கோல், உஷிமாட்சு, கேசட்.

தாய்ஸோ, "பத்தொன்பது முகமா?" என்றார். "கத்தியைத் தொடாதேன்னு நான் சொன்னேனேடா."

"அதுல ஒண்ணு என் முகம்," என்று முனகினார் மொசுகே.

"அப்போ உள்ள என்ன எழுதின?" என்று கேட்டார் தாய்ஸோ.

"அவன் பேரைத்தான்."

"கடைசி ஆணி அடிக்கிற வரைக்கும் ஏன் வாயைத் திறக்கல?"

இசாகு விரலில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்தார். தொமொயேதான் சொன்னாள்: "நாப்பது வருஷம் கழிச்சு, கேள்வி கேட்க ஆளில்லாத நேரமா பார்த்துச் சொல்லலாம்னு வச்சிருந்தாரு."

கொஹெய்யின் முகத்தை இசாகு அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார். அதில் நன்றி இல்லை. அப்படி ஒன்றைத் தான் எதிர்பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றார் கொஹெய். "என் மாமனாரு சாகக் கிடந்தப்போ, 'இசாகு மாதிரி ஒரு ஆம்பளை இந்த வீட்டுக்கு வாய்க்கலையே'ன்னாரு. நான் ஆமாம்னு தலையாட்டினேன். அப்போ நீங்களும் அந்த அறையிலதான் இருந்தீங்க. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். இப்ப யாருக்காகச் சொல்றீங்க, எனக்காகவா?"

பானையை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனார். இசாகு சரளைக்கல்லில் முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் அடிப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேசட்டைப் போட்டுக் காட்டி 'இப்படித்தான் நான் அடிச்சேன்' என்று சொன்னதெல்லாம் நெற்றியில் குத்திய கல்லோடு கல்லாகக் குத்தியது.

தெரு அவரைத் தண்டிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் வந்தார்கள். ஆனால் கதை கேட்கவில்லை. முடி விழுகிற சத்தம் கேட்கிற அளவுக்குக் கடை அமைதியாக இருந்தது. தொமொயே ஒரு நிபந்தனை போட்டாள்: "அடிச்சுக்குங்க. ஆனா யாரு அடின்னு சொல்லிட்டு அடிங்க." தாய்ஸோ கொஹெய்யைத் தேடிப்போய்ப் பெருமுரசுக்கு அழைத்தார். "இது இப்ப டோஃபு அறுக்கிற கை," என்று சொல்லிக் கொஹெய் வடம் பிடிக்கப் போய்விட்டார். அக்டோபர் செவ்வாயும் நவம்பர் செவ்வாயும் கடையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

திருவிழாவன்று மொசுகேயின் மகள் கோல் பிடித்தாள். இசாகு 'முதுகு' வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நரிமேட்டின் அடிவாரத்தில், "ஆத்துத்தெரு அடி! கொஹெய் அடிச்ச அடி!" என்று முன்னால் நின்றவர் கூவியதும் வடம் இறுகியது. இருநூறு பேரில் கொஹெய் எந்தப் பக்கத்து வடத்தில் இருந்தார் என்று திரைக்குள் இருந்தவருக்குத் தெரியாது. அந்த லேசான அடி முதுகில் விழும்போதெல்லாம், அடுத்த அடிக்கு முன்னால், இசாகு பல்லைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அது சரியாகவே வந்தது. தேர் நிற்காமல் ஏறியது.

டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை கொஹெய் வந்தார். வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். இசாகு சுடுதுண்டை அவர் முகத்தில் போட்டார். பெஞ்சில் வெளியூர் மருந்து விற்பனைக்காரர் ஒருவர் காத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த திருவிழாப் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்த் தேரைப் பத்திப் பெரிய கதை ஒண்ணு இருக்காமே?" என்றார்.

இசாகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருக்குங்க. அடிச்சது நான் இல்ல, இதோ சாய்ஞ்சு படுத்திருக்காரே, இவரு," என்று தொடங்கி, சேற்றையும், கை இழுத்துக்கொண்டதையும், கோல் உருண்டதையும், மறுநாளிலிருந்து தான் சொன்ன பொய்யையும் சொன்னார். கோத்த கைகளின் கட்டைவிரல்கள் அசையாமல் இருந்தன.

"அடடா," என்றார் விற்பனைக்காரர். "பாவம், கை இழுத்துக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பத்தொன்பது முகத்தை விட்டுட்டீங்களேண்ணே."

இசாகுவின் காது மடல்கள் சுட்டன. அவர் கத்தியைக் கீழே வைத்தார். விற்பனைக்காரர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கதையை முதலிலிருந்து, அன்று விடியற்காலை பின்வாசலில் வந்து நின்ற முதல் முகத்திலிருந்து, மறுபடி சொல்லத் தொடங்கினார்.